இயர்வார்முக்குத் தமிழில் 'ஒட்டுமெட்டு' சரியாக வருமா?

வணக்கம் நண்பர்களே,

ஒரு பாட்டின் இரண்டு வரி மட்டும் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடுகிறதே, ஆங்கிலத்தில் இயர்வார்ம் (காதுப்புழு) என்கிறார்களே, அதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று தொடங்கிய இந்த இழையில் இதுவரை வந்தவற்றை எல்லாம் நேற்று இரவு வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தேன். செவிப்புழு, சுழலிசை, ஓயா இசை, தொற்றுப்பாட்டு. எல்லாமே யோசித்துச் சொன்ன சொற்கள்தான். ஆனாலும் எனக்கு ஒவ்வொன்றிலும் ஒரு நெருடல் இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு என் பங்குக்கு இரண்டு சொற்களை முன்வைக்கிறேன்.

> செவிப்புழு என்பதே போதுமே. உலகம் முழுக்கப் புழு என்றுதானே சொல்கிறார்கள்?

உலகம் முழுக்க இல்லை ஐயா. ஆங்கிலத்தில் இருப்பதே ஜெர்மன் மொழியின் 'ஓர்வுர்ம்' என்ற சொல்லின் நேர்பெயர்ப்பு. அங்கே அது முதலில் ஒரு பூச்சியின் பெயர், பின்பக்கம் இடுக்கி மாதிரி இரண்டு கொடுக்கு இருக்குமே, தூங்குகிறவர் காதுக்குள் புகுந்துவிடும் என்று ஐரோப்பாவில் நம்பினார்களே, அந்தப் பூச்சி. அந்த நம்பிக்கை இருந்த இடத்தில், தலைக்குள் புகுந்து வெளியே வர மறுக்கும் பாட்டுக்கு அந்தப் பெயரை வைத்தது இயல்பாகப் பொருந்தியது. நம் பேச்சில் காதுக்குள் புகுவது பூரான். காதில் புழு என்றால் சீழும் புண்ணும்தான் நினைவுக்கு வரும், பாட்டு வராது. மற்ற மொழிக்காரர்களும் எல்லாரும் புழுவைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பிரெஞ்சில் தலைக்கேறும் இசை என்கிற பொருளில் ஒரு வழக்கு உண்டு, பிரேசிலில் இப்படிப்பட்ட பாட்டைச் சூயிங் கம் இசை என்கிறார்கள். அவரவர் பேச்சில் எது ஒட்டுமோ அதை எடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் எனக்குப் பெரியதாகப் படுகிறது. இதில் காதுக்கு வேலையே இல்லை. 2005இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தெரிந்த பாட்டுகளை ஓடவிட்டு நடுநடுவே சில நொடிகள் ஒலியை அணைத்துவிட்டு மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஒலியே இல்லாத அந்த இடைவெளியிலும் மூளையின் கேட்டல் புறணி, அதாவது ஒலியை உணரும் பகுதி, வேலை செய்துகொண்டிருந்தது, தெரியாத பாட்டில் அந்த அளவுக்கு இல்லை. அதாவது காதுக்கு எதுவும் வராதபோதும் மூளையே விட்ட இடத்தை நிரப்பிப் பாடிக்கொள்கிறது. அப்படியிருக்க சொல்லில் செவியை வைத்தால், காது இரைச்சலோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள். இல்லாத இசை வெளியிலிருந்து கேட்பதாகவே சிலருக்குத் தோன்றும் நிலை ஒன்று இருக்கிறது, அது வேறு, அதற்கு மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும். நாம் பேசுவது அப்படியில்லை. பாட்டு வெளியில் ஒலிக்கவில்லை என்று நமக்கே நன்றாகத் தெரியும், ஆனாலும் நிற்காது. பின்லாந்தில் 12,000 பேருக்கு மேல் பதில் சொன்ன ஓர் இணையக் கணக்கெடுப்பில், 2012இல் வெளியானது, பத்தில் ஒன்பது பேர் வாரத்துக்கு ஒரு முறையாவது இது வருகிறது என்றார்கள். இவ்வளவு சாதாரணமான ஒன்றுக்கு நோயின் வாடை அடிக்கும் பெயர் வேண்டாமே.

'ஓயா இசை' அழகாக இருக்கிறது, பிரித்து எழுதினால் மட்டும். சேர்த்து எழுதிப் பாருங்கள், ஓயாவிசை. படிப்பவர் அதை ஓயாத விசை என்று பிரித்து இயற்பியலுக்குப் போய்விடுவார். 'அக இசை' என்று வைத்தாலும் அகவிசை ஆகி இதே சிக்கல். இசை என்ற சொல்லுக்கு முன்னால் அகரமோ ஆகாரமோ வந்து நின்றால் வகர உடம்படுமெய் வந்து பொருளையே மாற்றிவிடுகிறது. கலைச்சொல் என்றால் அடைமொழியும் விகுதியும் சேர்ந்து நீளத்தான் செய்யும், எல்லா இடத்திலும் பிரித்தே எழுதுவோம் என்று யாரும் கட்டுப்பாடு விதிக்க முடியாது.

தொற்றுப்பாட்டு, பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்து அது நமக்கு வருவதை மட்டும் சொல்கிறது. காலையில் எழும்போதே எங்கிருந்தோ வந்து நிற்கும் பாட்டை அதில் அடக்க முடியாது. சுழலிசையை நான் அவ்வளவு எளிதாகத் தள்ளமாட்டேன், நல்ல சொல். ஆனால் இசைக்கலைஞர்கள் வேண்டுமென்றே ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்களே, லூப் என்கிறார்களே, அதற்கு இந்தச் சொல் தேவைப்படும். அதற்கே விட்டுவைப்போம்.

சரி, என் சொல். மூன்று வாரத்துக்கு முன்பு ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் காத்திருந்தேன். காத்திருப்பவருக்காக ஒரு சின்ன இசைத்துண்டு போட்டிருந்தார்கள், பாட்டு வரி கிடையாது, வெறும் கீபோர்டு. ஏறி ஏறி ஒரு சுரத்தில் போய் நின்று, அங்கே டக்கென்று அறுந்து, மறுபடி முதலிலிருந்து வரும். அன்று இரவு பாத்திரம் கழுவும்போது பார்த்தால் அதே துண்டு தலைக்குள் ஓடுகிறது, அதே இடத்தில் அறுகிறது, அதே இடத்திலிருந்து தொடங்குகிறது. அந்த அறுப்பு கூடத் தப்பவில்லை! மூன்று நாள் இருந்தது. வீட்டில் கேட்டார்கள், என்ன ஆச்சு என்று. நான் யோசிக்காமல் சொன்ன பதில், "ஒரு மெட்டு ஒட்டிக்கிச்சு, மண்டைக்குள்ளயே ஓடுது."

அந்த வாக்கியத்தில் எல்லாமே இருக்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது. ஒட்டிக்கொண்டது பாட்டு இல்லை, இசை என்ற பெரிய சொல்லும் இல்லை, ஒரு மெட்டு. அதன் வேலை ஓடுவது. ஆக:

ஒட்டுமெட்டு: அப்படி ஒட்டிக்கொள்ளும் இசைத்துண்டு.
மெட்டோட்டம்: அது தலைக்குள் ஓடும் நிகழ்வு.

ஒட்டுமெட்டு வினைத்தொகை. ஒட்டிய மெட்டு, ஒட்டுகின்ற மெட்டு, ஒட்டும் மெட்டு என்று முக்காலத்துக்கும் விரியும். இது வெறும் இலக்கண அலங்காரம் இல்லை. இங்கிலாந்தில் செய்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில் 3,000 பேரிடம் உங்களுக்கு எந்தப் பாட்டு ஒட்டியது என்று கேட்டு, அந்தப் பாட்டுகளின் மெட்டை மற்றப் பாட்டுகளோடு ஒப்பிட்டார்கள். ஒட்டியவை பெரும்பாலும் வேகம் கூடியவை, மேலே ஏறிக் கீழே இறங்கும் பொதுவான பழகிய போக்கு உள்ளவை, அதே சமயம் நடுவில் எதிர்பாராத ஒரு தாவலோ, ஒரே சுரம் வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்ப வருவதோ உள்ளவை. அப்படியானால் இன்னும் யாருக்கும் ஒட்டாத, ஆனால் ஒட்டக்கூடிய மெட்டு என்றும் ஒன்று உண்டு, விளம்பரத்துக்கு இசை போடுகிறவர்கள் தேடுவது அதைத்தான். ஒரே சொல் ஒட்டிவிட்டதையும் ஒட்டப்போவதையும் சேர்த்துத் தாங்குகிறது. புழுவுக்கு அந்த வசதி இல்லை. அப்புறம், ஒட்டு, மெட்டு என்று இரண்டும் ஒரே ஓசையில் முடிகின்றன, சொல்லிப் பாருங்கள், வாயிலேயே நிற்கும்.

மெட்டோட்டத்துக்கு நினைவோட்டம், எண்ணவோட்டம் என்று முன்னோடிகள் இருக்கின்றன, விளக்கமே தேவையில்லை. உளவியல் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு 'விரும்பாமலே வருவது' என்பதும் சொல்லில் தெரிய வேண்டும். அவர்கள் 'அனிச்சை மெட்டோட்டம்' என்று எழுதலாம். பள்ளிப் பாடத்தில் அனிச்சைச் செயல் படித்த எல்லாருக்கும் புரியும். தன்னிச்சை வேண்டாம், அதைப் பாதிப் பேர் சொந்த விருப்பப்படி என்றும் பாதிப் பேர் தானாகவே என்றும் எடுத்துக்கொள்கிறார்கள்.

> ஒட்டு என்றால் ஒட்டுமாங்கனி மாதிரி, ஒன்றோடு ஒன்றை இணைத்த மெட்டு என்று நினைக்கமாட்டார்களா?

நியாயமான கேள்வி அம்மா, எனக்கும் இது தோன்றியது. இரண்டு பாட்டைக் கலந்து ஒன்றாக்குவதை யாராவது நாளைக்கு ஒட்டுமெட்டு என்றால் குழப்பம்தான். ஆனால் அதற்குக் கலவைப்பாட்டு என்பதே இயல்பாக வாயில் வருகிறது. அதோடு 'பாட்டு ஒட்டிக்கிச்சு' என்று ஏற்கெனவே பேசுகிறோம், பொருளைப் பேச்சே காப்பாற்றும் என்று நம்புகிறேன்.

சொல்லை வாக்கியத்தில் போட்டால்தான் தெரியும். 2015இல் ரெடிங் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வை இப்படி எழுதிப் பார்த்தேன்: "ஒட்டுமெட்டு ஒன்றைக் கேட்டபின் சூயிங் கம் மென்றவர்களுக்கு மெட்டோட்டம் குறைந்தது. விரலால் தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அவ்வளவு குறையவில்லை." தாடை வேறு வேலையில் இருந்தால் வாய்க்குள்ளேயே பாடிக்கொள்ள முடியாது, அதனால்தான் என்கிறார்கள். இதையே செவிப்புழு, புழுத்தொல்லை என்று போட்டு எழுதிப் படித்தேன், பூச்சிமருந்து விளம்பரம் மாதிரி இருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மெட்டே இல்லாமல் ஒரு பேச்சு வரி, ஓர் அறிவிப்பு, யாரோ சொன்ன ஒரு வாக்கியம் இதே மாதிரி ஓடுகிறது. அதை ஒட்டுமெட்டில் சேர்க்க முடியாது. 'ஒட்டுவரி' என்று தனியே வைக்கலாமா, இல்லை அங்கே வரி என்பதை வரிவசூல் என்று படித்துவிடுவார்களா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்