புதுப்பிப்பு: மெர்பேங்க் கூட்டத்திற்குப் பிறகு
தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே, மெர்பேங்க் பகுதியிலுள்ள எங்கள் தெருவில் இரவில் வீசும் நெடியைப் பற்றிச் சென்ற மாதம் எழுதி, குடியிருப்போர் கூட்டத்திற்கு அழைத்திருந்தேன். அதன் தொடர்ச்சி இது. மழை பெய்தும் கோயில் மண்டபம் நிறைந்தது. 2020 டிசம்பர் 4 அன்று காலையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்ததை நினைவுகூர்ந்த பாட்டியம்மா ஒருவரின் பேச்சு, என் சட்ட விளக்கத்தைக் காட்டிலும் அவையை அசைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் சட்டமும் வேண்டியதே: அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு உடல்நலத்திற்குக் கேடில்லாத சூழலை உரிமையாக்குகிறது, 1965ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2004ஆம் ஆண்டுக் காற்றுத்தரச் சட்டமோ, ஆலைகளின் உமிழ்வு உரிமங்களை வழங்கும் பொறுப்பைப் பெருநகராட்சிகளிடம் அளித்திருக்கிறது. எனவே நெடி வீசும் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றை வீடுதோறும் நோட்டில் குறித்து, மாநகராட்சிக்கு எழுத்து மூலம் அனுப்பத் தீர்மானித்தோம். முதல் கட்டு வெள்ளிக்கிழமை போகிறது.