புதுப்பிப்பு: ஐந்து உயிரெழுத்தும் உள்ள ஆங்கிலச் சொற்கள், தீர்ந்தது

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் இருக்கும் ஆங்கிலச் சொற்களை லினக்ஸ் இயங்குதளத்தில் எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தேன்.

என் டெபியனில் (லினக்ஸில் ஒரு வகை) தேடுவதற்கான சொற்பட்டியல் கோப்பே இல்லை, 'டபிள்யூஅமெரிக்கன்' தொகுப்பை நிறுவிய பிறகுதான் வந்தது. முதலில் ஒருவர் சொன்னபடி ஐந்து எழுத்துக்கும் நடுவே புள்ளியும் நட்சத்திரக் குறியும் (இடையில் எது வந்தாலும் சரி என்று பொருள்) வைத்து ஒரே கிரெப் கட்டளை (பொருந்தும் வரிகளைத் தேடித் தருவது) கொடுத்தேன். ஃபசீஷஸ், அப்ஸ்டீமியஸ் எல்லாம் வந்தன, ஆனால் எஜுகேஷன் வரவில்லை! காரணம் எளிது, அது எழுத்துகள் அதே வரிசையில் இருந்தால் மட்டுமே பிடிக்கும். கடைசியாக ஒருவர் சொன்ன வழிதான் வேலை செய்தது: எழுத்துக்கு ஒரு கிரெப், ஐந்தையும் பைப் குறியால் (ஒன்றின் விடையை அடுத்ததற்குக் கொடுப்பது) கோத்துவிட வேண்டும், வரிசை எப்படி இருந்தாலும் மாட்டிக்கொள்ளும். சப்கான்டினென்டல் (இதில் உயிரெழுத்துகள் தலைகீழ் வரிசை), ஏழே எழுத்துள்ள செக்குவோயா (ஒரு மரத்தின் பெயர்) எல்லாம் அப்படிக் கிடைத்தவைதான்.

எதிர்பாராத ஒன்று: பல சொற்கள் இரண்டு முறை வந்தன. அந்தப் பட்டியலில் மேற்கோள் குறியும் எஸ்ஸும் சேர்ந்த உடைமை வடிவங்களும் தனித்தனியாக இருக்கின்றன. மேற்கோள் குறி உள்ள வரிகளைத் தள்ள, மைனஸ் வி போட்டு இன்னொரு கிரெப், அப்புறம் சரியாகிவிட்டது.