கடற்கரைத் தெரு சொந்தங்கள் (குழு)

ஜூன் 8, 2025, ஞாயிறு

சேகர் அண்ணன் (9:12): படகைக் கரையேற்றி ஐம்பது நாள் தாண்டிவிட்டது. பலகைக்கும் பெயிண்டுக்கும் எழுதிய சீட்டைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 எந்த மூலைக்கு? இதைப் படியுங்கள். இந்த வருட மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு 6,81,210 கோடி. மீன்வளத் துறைக்கு 2,703 கோடி. அங்கே கொஞ்சம் கிள்ளினால் பட்ஜெட்டில் பற்றாக்குறையே இருக்காது.

சித்தப்பா உச்சிப்புளி (9:15): கிள்ளு. யார் சம்பளத்தில் கிள்ளப் போகிறாய்?

சேகர் அண்ணன் (9:16): ஐயோ, பட்டாளத்தில் இருந்த உங்களைச் சொல்லவில்லை சித்தப்பா. விமானம், பீரங்கி என்று வாங்குகிறார்களே, அதைச் சொன்னேன்.

செல்வி அக்கா மதுரை (9:24): சேகர், அந்த 6.81 லட்சம் கோடி முழுக்க பீரங்கி இல்லை. புதிதாக வாங்குவது, கட்டுவது எல்லாம் சேர்த்து மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடிதான். ஓய்வூதியம் மட்டும் 1.61 லட்சம் கோடி. மீதியில் பெரும்பங்கு சம்பளம், ரேஷன், எண்ணெய், பழுது பார்ப்பது. உன் படகுக் கணக்குதான். டீசலும் ஆள் கூலியும் போன பிறகு புது வலைக்கு என்ன மிஞ்சுகிறது?

சேகர் அண்ணன் (9:25): புது வலையா! பழையதைப் பொத்தவே கடன்.

செல்வி அக்கா மதுரை (9:31): அரசாங்கமும் அப்படித்தான். மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. அதில் 15.69 லட்சம் கோடி பற்றாக்குறை. நூறு ரூபாய் செலவழித்தால் 31 ரூபாய் கடன். ராணுவத்தையே கலைத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினாலும் கிட்டத்தட்ட 8.9 லட்சம் கோடி துண்டு விழும். வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி, பட்டாளத்துக்குப் போவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அம்மா (9:33): அரசாங்கமுமா வட்டி கட்டுகிறது? யாருக்கு?

செல்வி அக்கா மதுரை (9:35): பெரும்பாலும் நம் ஊர் ஆட்களுக்குத்தான் சித்தி. வங்கிகள், எல்ஐசி எல்லாம் அரசாங்கப் பத்திரம் வாங்கி வைத்திருக்கின்றன. உங்கள் பாலிசிப் பணமும் அந்தக் கூட்டத்தில் இருக்கும்.

அம்மா (9:36): அப்படியானால் ஒழுங்காகக் கட்டட்டும்.

சித்தப்பா உச்சிப்புளி (9:40): 🎤 1:47

நான் (9:43): சித்தப்பா, நீங்கள் பேசியது ஒன்றும் விளங்கவில்லை. ஹெலிகாப்டர் சத்தம்தான் கேட்கிறது.

சித்தப்பா உச்சிப்புளி (9:52): பருந்து கடற்படை விமானத் தளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் அப்படித்தான். எழுதுகிறேன். அக்கரையில் இலங்கையைப் பாருங்கள். 2009ல் சண்டை முடிந்தது. அதற்குப் பிறகும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் படையில் வைத்துச் சோறு போட்டார்கள். 2022ல் நாடு திவால். மண்டபம் அகதிகள் முகாமுக்குக் கைக்குழந்தையோடு வந்து இறங்கினார்களே, நாம்தானே பால் பவுடர் வாங்கிக் கொடுத்தோம். 2023 ஜனவரியில்தான் 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்போம் என்று அறிவித்தார்கள். படை வேண்டும், அளவும் வேண்டும். 22 வருடம் அந்தச் சோறு தின்றவன் சொல்கிறேன்.

செல்வி அக்கா மதுரை (9:57): பழியைப் படைமேல் மட்டும் போடாதீர்கள் சித்தப்பா. அங்கே 2019 கடைசியில் வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக்கினார்கள். வரவை அறுத்துவிட்டுச் செலவை அப்படியே வைத்தால் எந்த வீடு நிற்கும்?

சேகர் அண்ணன் (10:02): போன மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது நானும் டிவியை விட்டு நகரவில்லைதான். அதற்காக மீன்காரன் கேட்கவே கூடாதா? எங்கள் துறைக்குக் கிடைத்தது பாதுகாப்புத் துறைக்குப் போனதில் 250ல் ஒரு பங்குகூட இல்லை.

சித்தப்பா உச்சிப்புளி (10:03): கேள். அது நியாயம். கணக்குத் தெரிந்து கேள்.

அம்மா (10:10): தம்பி, நம் பிரவீன் தினமும் விடியற்காலையில் ஓடிவிட்டு கால் நிறைய மணலோடு வீட்டுக்குள் வருகிறான். பட்டாளத்தில் அக்னிவீராகச் சேர்ந்தால் பென்ஷன் உண்டா?

சித்தப்பா உச்சிப்புளி (10:18): இல்லை அண்ணி. 2022ல் வந்த திட்டம். நான்கு வருடம், அப்புறம் நூறு பேரில் 25 பேர் வரை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். எங்கள் காலத்தில் 15 வருடம் முடித்தாலே சிப்பாய்க்குப் பென்ஷன். படை இளமையாக இருக்கட்டும் என்று காரணம் சொன்னார்கள். மலை உச்சியில் நின்றவனுக்கு அது பொய் இல்லை என்று தெரியும். ஆனாலும் பென்ஷன் கணக்கைப் பார்க்காமலா செய்திருப்பார்கள்?

அம்மா (10:20): 11 லட்சம் என்றால் படகில் ஒரு பங்கு போடலாமே.

செல்வி அக்கா மதுரை (10:23): வட்டியை விட்டால் அதில் சரிபாதி அவன் சம்பளத்தில் பிடித்தது சித்தி. முதல் வருடம் 30,000 என்பார்கள், கையில் 21,000தான் வரும். சேகர், கிள்ளச் சொன்னாயே, இங்கேதான் கிள்ளியிருக்கிறார்கள்.

சேகர் அண்ணன் (10:24): 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

நான் (10:25): அண்ணா, அழிப்பதற்குள் படித்துவிட்டேன் 😄

சேகர் அண்ணன் (10:31): சரி, சரி. பிரவீன், சாயங்காலம் படகுக்கு வா. ஒரு பக்கம் பெயிண்ட் பாக்கி. 14ஆம் தேதியோடு தடை முடிகிறது, அதற்குள் தண்ணீரில் இறக்க வேண்டும்.

நான் (10:32): வருகிறேன். சித்தப்பா, இன்றைக்கு 1.6 கிலோமீட்டர் 5 நிமிடம் 38 வினாடி.

சித்தப்பா உச்சிப்புளி (10:34): ஆள்சேர்ப்பு ஓட்டத்தில் முழு மார்க்குக்கு ஐந்தரை நிமிடத்துக்குள் வேண்டும். நாளைக்கு மணலில் ஓடாதே, ரோட்டுக்கு வா. நான் வாட்ச் எடுத்து வருகிறேன்.