எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கியவர்களே, எதை எதோடு ஒப்பிட்டு முடிவு செய்தீர்கள்?

வேலைக்குப் போய் வர தினமும் 24 கிலோமீட்டர். எலக்ட்ரிக் சைக்கிள் போதும் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பித்தது. கையில் இருந்த பணத்துக்குள் மூன்று மாடல்கள் வந்தன. மூன்றின் விவரத் தாள்களையும் பரப்பிவைத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. டிஸ்க் பிரேக், சின்னத் திரை, முன் விளக்கு, அப்புறம் ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று பெரிய எழுத்தில் ஓர் எண். அந்தப் பெரிய எண்ணை நான் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். சமதளச் சாலை, எதிர்க்காற்று இல்லை, எடை குறைந்த ஆள், மோட்டார் உதவி ஆகக் குறைந்த நிலையில், டயரில் முழுக் காற்று. இத்தனையும் கூடிவந்தால்தான் அந்தத் தூரம் கிடைக்கும். ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கு அளந்து போட்ட எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை.

ஒப்பிட உதவும் எண் பேட்டரியின் பக்கத்தில் இருக்கிறது. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி வரும். உள்ளே மொத்தம் எவ்வளவு மின்சாரம் நிற்கும் என்பது அதுதான். முதல் மாடல் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. அதாவது 360 வாட்-மணி. இரண்டாவது 48 வோல்ட், 10 ஆம்பியர்-மணி, 480. மூன்றாவது 36 வோல்ட்தான், ஆனால் 14 ஆம்பியர்-மணி, ஆக 504. "48 வோல்ட் சார், இதுதான் ரொம்ப தூரம் ஓடும்" என்று இரண்டாவதைக் காட்டிய விற்பனையாளர் உறுதியாகச் சொன்னார். வோல்ட்டை மட்டும் வைத்துத் தூரத்தைச் சொல்ல முடியாது என்பதை அவரிடமே பெருக்கிக் காட்டினேன்.

நாமும் மிதித்துக்கொண்டு நடுத்தர உதவியில் ஓட்டினால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 வாட்-மணி செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம். மிதிக்காமல் திராட்டிலை மட்டும் திருகிப் போனால் செலவு இன்னும் நன்றாகவே ஏறும். 10 என்ற கணக்கில் முதலாவது 36 கிலோமீட்டர், இரண்டாவது 48, மூன்றாவது 50. என் 24 கிலோமீட்டருக்கு முதலாவதே போதும்போலத் தோன்றும். ஆனால் லித்தியம் பேட்டரி ஒரு சில நூறு முழுச் சார்ஜுகளுக்குப் பிறகு மெல்லத் தேய ஆரம்பிக்கும். கொள்ளளவு ஐந்தில் நான்கு பங்காகக் குறையும்போது 360 என்பது 288 ஆகிவிடும். அதோடு எதிர்க்காற்றும் ஒரு மேம்பாலமும் சேர்ந்தால் வீடு வந்து சேர்வதே இழுபறி. அதனால் முதலாவதை விட்டுவிட்டேன்.

இப்போது விலை. முதலாவதன் விலையை 100 என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது 125, மூன்றாவது 135. விலையை வாட்-மணியால் வகுத்துப் பார்த்தபோது ஆகக் குறைந்த விலைக்கு விற்ற முதலாவதுதான் வாட்-மணிக்கு அதிகம் வாங்கியது. இரண்டாவது எல்லாவற்றிலும் மலிவு. அங்கேயே முடிவு செய்திருப்பேன். ஆனால் எல்லோரிடமும் கேட்ட ஒரு கேள்வி பாக்கி இருந்தது: "இதே பேட்டரியைத் தனியாக வாங்கினால் என்ன விலை, எங்கே கிடைக்கும்?" இரண்டாவது மாடலின் பேட்டரி சட்டகத்துக்குள்ளேயே வைத்து மூடப்பட்டது. அதன் வடிவம் அந்த மாடலுக்கு மட்டுமே உரியது. மாற்று பேட்டரிக்கு விலைப்பட்டியலே இல்லை என்றார்கள். மூன்றாவதுக்குத் தனி விலை எழுத்தில் தந்தார்கள், சாவி போட்டுக் கழற்றியும் காட்டினார்கள். எலக்ட்ரிக் சைக்கிளில் முதலில் ஓயப்போகிற விலையுயர்ந்த பாகம் பேட்டரிதான். வண்டி விலையோடு இன்னொரு பேட்டரியின் விலையையும் கூட்டிவைத்து ஒப்பிட்டால்தான் அது உண்மையான விலை என்பது என் உறுதியான எண்ணம். மூன்றாவதைத்தான் வாங்கினேன். அதில்தான் இப்போதும் போய் வருகிறேன்.

நீங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். குறிப்பாக மேடான பகுதிகளில் ஓட்டுபவர்கள்.

*

மேட்டுக்காரன் நான் எழுதுகிறேன். நண்பர் சொன்ன பேட்டரிக் கணக்கு முழுக்கச் சரி. ஆனால் ஏற்றம் உள்ள ஊரில் அதற்கு முன்னால் மோட்டாரைப் பார்க்க வேண்டும்.

நான் பார்த்த இரண்டு சைக்கிள்களிலும் 250 வாட் என்றுதான் எழுதியிருந்தது. விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மிதி உதவி சைக்கிளின் தொடர் திறன், அதாவது மோட்டார் நிற்காமல் தொடர்ந்து தரக்கூடிய திறன், 250 வாட்டைத் தாண்டக் கூடாது, 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும். அதனால் சாதாரண மோட்டாரும் சரி, மலையேறும் மோட்டாரும் சரி, தாளில் ஒரே 250 வாட்டைப் போட்டுக்கொண்டு நிற்கும். பார்க்க வேண்டியது முறுக்கு விசை, அதாவது நியூட்டன் மீட்டர். ஒன்றில் 40, மற்றதில் 80.

அதைவிட முக்கியம் மோட்டார் எங்கே இருக்கிறது என்பது. பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மோட்டார் சக்கரத்தை நேரடியாகச் சுற்றுகிறது. நீங்கள் போடும் கியருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய மோட்டாரும் மெதுவாகச் சுழலும். அப்போது பேட்டரி கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு உந்துதலாக மாறாமல் சூடாகப் போய்விடும். மிதிகட்டை இருக்கும் இடத்தில் பொருத்திய நடு மோட்டார் சங்கிலி வழியாக வேலை செய்கிறது. சின்ன கியருக்கு மாற்றினால் மோட்டாருக்கும் சுமை குறைகிறது. ஆளும் வண்டியும் சேர்த்து 100 கிலோ, 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சாலை, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தை ஏற மட்டுமே சுமார் 220 வாட் தேவைப்படும். அரை மணி நேரம் அப்படியே ஏறினால் எந்த மோட்டார் தாங்கும் என்பது தெரிந்துவிடும்.

நடு மோட்டாருக்கு விலை அதிகம் என்பதோடு சங்கிலியும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மோட்டாரின் பலம் முழுக்க அவற்றின் வழியாகத்தானே போகிறது. சமதளத்தில் ஓட்டுபவருக்கு அந்தச் செலவு தேவையே இல்லை, நல்ல ஹப் மோட்டார் பல வருடம் சத்தமில்லாமல் உழைக்கும்.

சென்சாரையும் கேளுங்கள். மலிவான மாடல்களில் மிதி சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் சென்சார் இருக்கும். மிதி கொஞ்சம் சுற்றிய பிறகுதான் மோட்டார் விழித்துக்கொள்ளும், அப்புறம் ஒரேயடியாகத் தள்ளும். விலை கூடிய மாடல்களில் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பதை அளக்கும் டார்க் சென்சார் இருக்கும். சமதளத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஏற்றத்தின் நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பிப் பாருங்கள், உடனே தெரியும். நான் அப்படி ஓட்டிப் பார்த்த பிறகுதான் கூடுதல் விலை கொடுக்கச் சம்மதித்தேன். கடை வாசலில் ஒரு வட்டம் ஓட்டக் கொடுப்பதை ஓட்டிப் பார்த்ததாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏற்றத்துக்குக் கொண்டுபோக விடவில்லை என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

*

முதலில் எழுதிய அண்ணா மன்னிக்கணும், உங்கள் வாட்-மணிக் கணக்கில் பார்த்தால் நான் வாங்கியதுதான் படுமோசமான பேரம். ஆனாலும் எனக்கு அதுதான் சரியான வண்டி.

நாங்கள் இரண்டாவது மாடியில் இருக்கிறோம், லிப்ட் இல்லை, கீழே நிறுத்த இடமும் இல்லை. தினமும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். பார்த்த மாடல்களில் பாதிக்குமேல் 25 கிலோவைத் தாண்டின. விவரத் தாளில் எடையைக் கடைசி வரியில் போட்டிருப்பார்கள், சிலர் பேட்டரி இல்லாத எடையைப் போட்டிருப்பார்கள். அதனால் கடையிலேயே தூக்கிப் பார்த்தேன். ஒரு கையில் கைப்பிடி, ஒரு கையில் சட்டகம், நாலு படி ஏறி இறங்கினேன். கடைக்காரர் ஆச்சரியமாகப் பார்த்தார், பரவாயில்லை. கடைசியில் 18 கிலோவில் ஒன்று கிடைத்தது. பேட்டரி 250 வாட்-மணிதான். என் தூரம் குறைவு, அலுவலகத்தில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், அதனால் போதும்.

இன்னொன்று. சார்ஜ் தீர்ந்துவிட்டால் வண்டி எப்படி இருக்கும் என்று மோட்டாரை அணைத்து ஓட்டிப் பாருங்கள். கனமான வண்டிகளில் சிலவற்றை மிதிக்கவே முடியவில்லை. என்னுடையது அப்போதும் சைக்கிளாகவே ஓடுகிறது. தூக்கத் தேவை இல்லாமல் சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் நடை உதவி இருக்கிறதா என்று பார்க்கலாம். பொத்தானை அழுத்திப் பிடித்தால் நாம் நடக்கிற வேகத்துக்கு வண்டி தானே நகரும்.

*

நான் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கிறவன். விலை ஒப்பிடும்போது ஒரே ஓர் இடத்தில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது பேட்டரியும் சார்ஜரும்.

பக்கத்து வீட்டுத் தம்பி பழைய சைக்கிளில் மோட்டார் கிட் பொருத்தியிருந்தான். இணையத்தில் வாங்கிய பேட்டரி, மற்றவர்கள் சொன்ன விலையில் பாதி. சார்ஜ் போட்டால் சூடாகிறது என்று கொண்டுவந்தான். தயாரித்தவர் பெயர் இல்லை, எந்த நாட்டின் தரக் குறியீடும் இல்லை, உறை ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. "அண்ணா, உள்ளே ஒரு செல் மட்டும் மாற்றிக் கொடுங்க" என்றான். மறுத்துவிட்டேன். அதை எரியும் பொருள் எதுவும் இல்லாத திறந்த இடத்தில் வைக்கச் சொல்லி, அப்புறம் பேட்டரிக் கழிவு வாங்கும் மையத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வைத்தேன். பணம் போன வருத்தம் அவனுக்கு இருந்தது. ஆனால் அதைத் தினமும் ராத்திரி வீட்டு வாசற்கதவு பக்கத்தில்தான் சார்ஜ் போட்டிருக்கிறான். தீப்பிடித்திருந்தால் வெளியே வருகிற வழியே அடைபட்டிருக்கும். எனக்கு அந்த நினைப்பே இன்னும் நடுக்கம் தருகிறது.

பேட்டரிக்குள் விரல் அளவு செல்கள் வரிசையாக இருக்கும். 36 வோல்ட் என்றால் பொதுவாக 10 வரிசை, முழுச் சார்ஜில் 42 வோல்ட். 48 வோல்ட் என்றால் 13 வரிசை, 54.6 வோல்ட். செருகி ஒன்றாக இருக்கிறது என்பதற்காக 48 வோல்ட் சார்ஜரை 36 வோல்ட் பேட்டரியில் போடவே கூடாது. ஒவ்வொரு வரிசையையும் கண்காணித்து, அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கிற பாதுகாப்புச் சுற்று உள்ளே இருக்க வேண்டும். பாதி விலையில் விற்கிறவர்கள் பெரும்பாலும் கைவைப்பது செல்லின் தரத்திலும் இந்தச் சுற்றிலும்தான். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, அதனால்தான் சோதனைச் சான்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் சைக்கிளின் முழு மின் அமைப்புக்கு யு.எல். 2849, பேட்டரிக்குத் தனியாக யு.எல். 2271 என்ற தரங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் இ.என். 15194. தொடர்ந்து நடந்த பேட்டரித் தீ விபத்துகளுக்குப் பிறகு நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரிலிருந்து சான்று இல்லாத எலக்ட்ரிக் சைக்கிள்களை விற்கவே கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் அந்தச் சான்று எண்ணைக் கேட்கலாம். எண்ணைச் சொல்ல முடியாதவரிடம் வாங்க வேண்டாம்.

*

சுருக்கமாக என் பங்கு. திரை, செயலி, திருட்டைத் தடுக்கும் தானியங்கிப் பூட்டு இவற்றுக்காக விலை கூட்டிக் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். 2023 ஜூலையில் நெதர்லாந்தின் வான்மூஃப் நிறுவனம் திவாலானது. அந்த சைக்கிள்களின் பல வசதிகள் கைபேசிச் செயலியை நம்பியவை. சர்வர் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று வாங்கியவர்கள் பதறினார்கள். தங்கள் வண்டியின் டிஜிட்டல் சாவியைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளப் போட்டி நிறுவனம் ஒன்று ஒரு செயலியே வெளியிட்டது. பின்னர் வான்மூஃபை வேறொரு நிறுவனம் வாங்கியது என்றாலும், பாகங்கள் எல்லாம் தயாரித்த நிறுவனத்திடமிருந்து மட்டுமே வர வேண்டிய வண்டியை வாங்கினால் இந்தக் கவலையையும் சேர்த்தே வாங்குகிறோம்.

நான் பார்த்தது ஒன்றுதான். டயர், டியூப், பிரேக் பேட், சங்கிலி எல்லாம் எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும் அளவுதானா? பின்சக்கரம் பஞ்சரானால் மோட்டார் ஒயரைச் செருகியில் பிரித்து எடுக்க முடியுமா, அல்லது உள்ளேயே பற்றவைத்திருக்கிறார்களா? இதைக் கேட்டதும் ஒரு கடையில் இருந்தவரே குனிந்து பார்த்துவிட்டு, அந்த மாடல் வேண்டாம் என்று நேர்மையாகச் சொன்னார். அவரிடமே வேறொன்று வாங்கினேன்.

*

எல்லோருக்கும் நன்றி. படியேறும் சகோதரி சொன்னது நியாயம். நான் போட்டது என் தூரத்துக்கான கணக்கு, எடை எனக்குப் பிரச்சினையாக இல்லாததால் அதை எழுதவே இல்லை.

தனிச்செய்தியில் ஒருவர், பழைய எலக்ட்ரிக் சைக்கிள் பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். இங்கேயே சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். முதலில் பேட்டரியில் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். வண்டி வாங்கிய தேதியை நம்ப வேண்டாம். குறைவாக ஓட்டியது என்பதும் பெரிய ஆறுதல் இல்லை, முழுச் சார்ஜிலோ அடியோடு தீர்ந்தோ மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி ஓட்டாமலே கெட்டிருக்கும். முழுச் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லுங்கள். போனதும் திரையில் வோல்ட் காட்டினால் குறித்துக்கொண்டு, ஓர் ஏற்றத்தில் அதிக உதவியில் ஓட்டுங்கள். ஏறும்போது வோல்ட் கொஞ்சம் இறங்கி நின்றதும் மீண்டுவிட்டால் பரவாயில்லை. சார்ஜ் கட்டைகள் மளமளவென்று சரிந்தாலோ மோட்டார் விட்டுவிட்டு அணைந்தாலோ பேட்டரி முடிந்தது என்று வைத்துக்கொண்டு, புதுப் பேட்டரி விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். அந்த மாடலுக்குப் புதுப் பேட்டரி இப்போதும் கிடைக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். சாவியும் அசல் சார்ஜரும் கையில் வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுத்தால் போதும்.