ஈரம் குறித்தது ஒருவருக்கு, கிலோ வெட்டியது இன்னொருவருக்கு: புதிதாகச் சேரும் வரிசைகளின் தகவலை எப்படி எடுப்பது?

ஊவாக்காற்று
வணக்கம். பண்டாரவளைப் பக்கம் சிறுதோட்டக்காரர்களிடம் தேயிலைக் கொழுந்து வாங்கும் ஒருவருக்குக் கணக்குப் பக்கம் ஒன்று செய்து கொடுத்தேன். ஒரு நாள் பத்துப் பேர் வருவார்கள், மறுநாள் நாற்பது பேர். அதனால் 'ஆள் சேர்' பொத்தானை அழுத்தினால் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிசை போடும்: ஆள் இலக்கம், கிலோ, சாக்குக் கழிவு (சாக்கின் எடை), 'ஈரக் கொழுந்து' என்று ஒரு செக்பாக்ஸ். பெட்டிகளின் பெயர்கள் 'கிலோ[]', 'ஈரம்[]' என்ற மாதிரி. சர்வரில் அதை வாங்கிக்கொள்வது பிஎச்பி நிரல். ஈரம் குறித்தால் நூற்றுக்குப் பத்து கழியும்.

போன செவ்வாய் நடுவில் மழை. ஐந்து பேரில் மூன்றாவது, ஐந்தாவது ஆளுக்கு மட்டும் ஈரம் குறித்தோம். கழிந்ததோ முதல் இரண்டு பேருக்கு. முதல் ஆள் வயதான ஓர் அம்மா, மழைக்கு முன்பே வந்து நிறுத்துப் போனவர். 18 கிலோவில் 1.8 கிலோ போய்விட்டது. கணக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "காஞ்ச கொழுந்துக்கு ஏன் தம்பி வெட்டினீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எங்கே பிழை?

லிந்துலை அண்ணன்
தம்பி, குறிக்காத செக்பாக்ஸை உலாவி அனுப்பவே அனுப்பாது. கிலோ ஐந்து போகும், ஈரம் இரண்டுதான் போகும். பெயரில் வெறும் சதுர அடைப்புக்குறி இருந்தால் பிஎச்பி வந்த வரிசையில் 0, 1 என்று அடுக்கிவிடும். மூன்றாவது ஆளின் ஈரம் 0இல் உட்கார்ந்து அந்த அம்மாவின் கணக்கில் ஏறிவிட்டது.

வரிசையின் இலக்கத்தைப் பெயருக்குள்ளேயே வையுங்கள்: 'வரி[7][கிலோ]', 'வரி[7][ஈரம்]'. அப்போது ஒருவருடைய எல்லாம் ஒரே கட்டாக வரும். சுற்றில் ஒவ்வொரு கட்டாக எடுத்து, ஈரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் காய்ந்த கொழுந்து.

மஸ்கெலியா மகள்
செக்பாக்ஸுக்கு முன்னால் அதே பெயரில், 0 மதிப்புள்ள, திரையில் தெரியாத ஒரு மறைவுப் பெட்டி வைத்தால் போதாதா அண்ணே? நான் அப்படித்தான் செய்வேன்.

லிந்துலை அண்ணன்
இலக்கம் உள்ள பெயருக்குச் சரி தங்கச்சி. பிந்தி வருவது முந்தியதை மாற்றிவிடும். ஆனால் 'ஈரம்[]' என்ற பெயரில் செய்தால் குறித்த வரிசைக்கு 0, 1 என்று இரண்டு மதிப்பு போகும், குறிக்காததற்கு ஒன்று. குழப்பம் இன்னும் கூடும்.

கண்டிச்சீமை
நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெயருக்குள் இலக்கம், அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, இதெல்லாம் எதற்கு? வரிசைகளை உண்டாக்குவதே ஜாவாஸ்கிரிப்ட். அதுவே ஒவ்வொரு வரிசையாகப் போய் மதிப்பை எடுத்து ஜேசனாக, அதாவது பெயரும் மதிப்புமாக எழுதிய ஒரே உரையாக அனுப்பட்டும். செக்பாக்ஸ் உண்மையா பொய்யா என்று நேராகவே வரும், நழுவ இடமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பிஎச்பி 5.3.9 முதல், வழக்கமான அமைப்பில் ஒரு தடவைக்கு 1000 உள்ளீடுகள்தான் ஏற்கும். வரிசைக்கு ஐந்து பெட்டி என்றால் 200 பேருடன் முடிந்தது. மிச்சத்தை வெட்டிவிட்டு எச்சரிக்கை ஒன்றைப் பதிவில் எழுதும், திரையில் அநேகமாக ஒன்றும் தெரியாது. 201ஆவது ஆள் கொழுந்தே கொடுக்காதவர் ஆகிவிடுவார். ஜேசனுக்கு இந்த எல்லை கிடையாது.

லிந்துலை அண்ணன்
நாற்பது பேருக்கு அந்த எல்லை எட்டாது. அமைப்பில் மாற்றிக்கொள்ளவும் முடியும். ஜேசனை அனுப்பினால் படிவத்தில் வந்ததை வைக்கும் பிஎச்பியின் போஸ்ட் அணி வெறுமையாக இருக்கும். வந்த உரையை அப்படியே தரும் உள்ளீட்டு ஓடையை நேரடியாகப் படித்து நாமே பிரிக்கவேண்டும். இது தெரியாமல் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உலாவி சும்மா செய்து தரும் வேலையை ஏன் கையால் செய்யவேண்டும்? ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பிழை வந்தால் அனுப்பும் பொத்தானும் அல்லவா படுத்துவிடும்?

கண்டிச்சீமை
ஜாவாஸ்கிரிப்ட் படுத்தால் 'ஆள் சேர்' பொத்தானும்தான் படுத்துவிடும் அண்ணே. வரிசையே வராத பக்கத்தில் அனுப்ப என்ன இருக்கிறது?

லிந்துலை அண்ணன்
சரி, அது நியாயம். அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். மற்றதை விடவில்லை.

மஸ்கெலியா மகள்
இலக்கம் போடும் விதத்திலும் ஒரு குழி இருக்கிறது. 'இப்போது எத்தனை வரிசை' என்று எண்ணி அதையே அடுத்த இலக்கமாகப் போட்டேன். 0 முதல் 4 வரை ஐந்து வரிசை. இரண்டாவதை அழித்தேன், மிச்சம் நான்கு. புதிய வரிசைக்கு 4 விழுந்தது. பழைய 4 இருக்கும்போதே! சர்வருக்கு வந்தது நான்கு பேர்தான், பழைய ஆள் காணாமல் போனார். ஆள் இலக்கத்தையே வரிசை இலக்கமாக வைத்தால் என்ன?

ஊவாக்காற்று
அது சரிவராது அக்கா. சிலர் காலையிலும் வருவார்கள், பின்னேரமும் வருவார்கள். ஓர் ஆளுக்கு இரண்டு நிறுவை.

லிந்துலை அண்ணன்
ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணியை வைத்துக்கொள்ளுங்கள். வரிசையை அழித்தாலும் அது இறங்கக் கூடாது. 0, 2, 3, 5 என்று ஓட்டையோடு வந்தாலும் பிஎச்பிக்குக் கவலையில்லை. சர்வரில் 0 முதல் எண்ணிக்கொண்டு போகாமல், வந்த கட்டுகளை மட்டும் எடுங்கள்.

அப்புறம், நிறுத்து முடிந்ததும் கிலோப் பெட்டியைப் பூட்டினால் 'டிஸேபிள்ட்' போடாதீர்கள். அப்படிப் பூட்டிய பெட்டி சர்வருக்குப் போகாது. 'ரீட்ஒன்லி' போட்டால் போகும்.

மஸ்கெலியா மகள்
எந்த வழியில் போனாலும் ஒன்றைச் செய்யுங்கள் தம்பி. என் அம்மா முப்பது வருசம் கொழுந்தெடுத்தவர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முள்ளைத் தன் கண்ணால் பார்க்காமல் கூடையை எடுக்கமாட்டார். சேமிப்பதற்கு முன்னால், சர்வர் வாங்கிக்கொண்ட பட்டியலைத் தமிழில் திருப்பிக் காட்டுங்கள்: ஆள், கிலோ, கழிவு, ஏன் கழிவு. கழிவைச் சர்வர்தான் கணக்கிடவேண்டும், உலாவி கணக்கிட்டு அனுப்பியதை நம்பக் கூடாது.

மொத்தம் எத்தனை வரிசை என்பதையும் ஒரு மறைவுப் பெட்டியில் அனுப்புங்கள். அதைப் படிவத்தின் உச்சியில் வையுங்கள், வெட்டு விழுந்தால் கடைசியில் இருப்பதுதான் தொலைந்துபோகும். வந்த வரிசைகளும் சொன்ன எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால் சேமிக்கவே கூடாது.

கண்டிச்சீமை
இதில் எனக்கு முழுச் சம்மதம்.

ஊவாக்காற்று
இலக்க முறைக்கு மாற்றினேன். அதே ஐந்து பேர், மூன்றிலும் ஐந்திலும் ஈரம். இரண்டாவதை அழித்து, புதிதாக ஒருவரைச் சேர்த்து அனுப்பினேன். எல்லாம் அவரவர் இடத்தில் வந்தது. எண்ணிக்கைச் சோதனையும் போட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமைத் துண்டுகளைத் திரும்பப் பார்த்ததில் நான்கு பேருடைய கணக்கு மாறியிருக்கிறது. தப்பாக வெட்டிய இரண்டு பேருக்குத் திருப்பிக் கொடுப்பது, வெட்டாமல் விட்ட இரண்டு பேரிடம் கேட்பதில்லை என்று முதலாளியிடம் பேசி முடித்தாயிற்று. நாளைக்கு லொறி வருமுன் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போகிறேன்.

கண்டிச்சீமை
நல்லது தம்பி. ஆனாலும் என் பேச்சை நான் மாற்றவில்லை. லொறி பள்ளத்தில் நிற்கும்போது சிக்னல் போனால் உங்கள் படிவம் என்ன செய்யும்? நாற்பது பேரின் நிறுவையும் திரையோடு போய்விடும். வரிசைகளைப் போனின் லோக்கல் ஸ்டோரேஜில் (உலாவி போனிலேயே வைக்கும் சேமிப்பில்) அவ்வப்போது எழுதி வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்பவேண்டும். ஒரே பட்டியல் இரண்டு தடவை ஏறாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் வேண்டும். அதைக் கட்ட உட்காரும்போது ஜேசனுக்குத்தான் வருவீர்கள். மழைக்காலத்துக்கு முன்னால் செய்வதானால் சொல்லுங்கள், என்னிடம் உள்ளதை அனுப்பிவைக்கிறேன்.