நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் மணி: 500 ஆண்டுகளுக்கு முன் தமிழர் கப்பல் அங்கே போனதா?

கடலோடி:
தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1836ஐ ஒட்டி, வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவ மிஷன் அச்சாளர் நியூசிலாந்தின் வட தீவில் வங்காரெய் பக்கம் பயணம் போகிறார். அங்கே மாவோரிப் பெண்கள் வெண்கலப் பாத்திரம் ஒன்றில் உருளைக்கிழங்கு அவிக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அது பாத்திரமே இல்லை, விளிம்பு உடைந்துபோன ஒரு மணி, தலைகீழாக வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் எழுத்து. இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து அதை மாற்றிக்கொள்கிறார். பிறகுதான் அது தமிழ் என்று தெரிகிறது: 'முகைய்யதீன் வக்குசுடைய கப்பல் உடைய மணி'.

பெரிய மரம் ஒன்று புயலில் சாய்ந்தபோது வேருக்கடியில் கிடைத்தது, பல தலைமுறையாக எங்களிடம் இருக்கிறது என்று மாவோரிகள் சொல்லியிருக்கிறார்கள். எழுத்து 500 ஆண்டுப் பழமை, பிற்காலப் பாண்டியர் காலம் என்று எழுதியவர்கள் உண்டு. அப்படியென்றால் ஜேம்ஸ் குக் 1769இல் போவதற்கு முன்பே, ஏன், டாஸ்மன் 1642இல் போவதற்கும் முன்பே நம் கப்பல் அங்கே போயிருக்கிறது. இது ஏன் நம் பாடப் புத்தகத்தில் இல்லை?

ஏட்டுச்சுவடி:
மணி உண்மை, வாசகம் உண்மை. 500 என்ற எண்தான் நிற்காது.

பழமை என்று சொல்பவர்கள் முக்கியமாகக் காட்டுவது மெய்யெழுத்தில் புள்ளி இல்லாததை. ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று 19ஆம் நூற்றாண்டு வரை புள்ளியில்லாமலேதான் எழுதினார்கள். ஓலையில் பழகிய கை உலோகத்திலும் அப்படியே எழுதும். சுவடி பார்த்த யாரையும் கேளுங்கள். காலத்தைப் பிரித்துக் காட்டக்கூடிய இன்னொரு அடையாளம், எ-ஏ, ஒ-ஓ குறில் நெடிலை வடிவத்தில் பிரித்துக் காட்ட 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம். வாசகத்தை இன்னொரு முறை படியுங்கள்: எகரமும் இல்லை, ஒகரமும் இல்லை. அந்தச் சோதனைக்கும் வழியில்லை. மிச்சம் இருப்பது எழுத்தின் வளைவு நெளிவு. அதை வைத்து 'இந்த நூற்றாண்டுதான்' என்று அடித்துச் சொல்ல ஒரே ஒரு வரி போதாது.

கடலோடி:
எழுத்தால் 500 ஆண்டு என்று நிரூபிக்க முடியாது என்றால், 500 ஆண்டு இல்லை என்றும் நிரூபிக்க முடியாதே ஐயா?

ஏட்டுச்சுவடி:
சரிதான். அதனால்தான் எழுத்தை விட்டுவிட்டுப் பெயருக்குப் போவோம் என்கிறேன். காயல்பட்டினத்து மஜீது இருந்தால் வரட்டும்.

காயல் மஜீது:
வந்துட்டேன் காக்கா. எங்க ஊர்ல முஹ்யித்தீன் இல்லாத தெருவே கிடையாது. பக்தாதுல அடங்கியிருக்கிற அப்துல் காதிர் ஜீலானி ஆண்டகையோட பட்டப்பேர் அது. 1166இல் மறைந்தவர். கடல்ல காத்தும் மழையும் வந்தா 'யா முஹ்யித்தீன்'னு கூப்பிடுறது மாலுமிகளோட பழக்கம். அதனால கப்பல் மணியில அந்தப் பேரைப் பார்த்து நான் ஆச்சரியப்படல.

'வக்குசு'தான் என்னை யோசிக்க வைக்குது. அது 'பக்ஷ்'. பாரசீகச் சொல், அருளியது, கொடை என்று அர்த்தம். காதர் பக்ஷ், இமாம் பக்ஷ் மாதிரி. எங்க பழைய மரைக்காயர் பேர்கள்ல லெப்பை, தம்பி, நெய்னா, பிள்ளை எல்லாம் சகஜம். பக்ஷ் அவ்வளவாக் கிடையாது, அது வடக்கேயிருந்து வந்த வழக்கம். பாண்டியர் காலத்துக் காயல்ல ஒருத்தருக்கு அந்தப் பேர் இருந்திருக்கும்னு எனக்குத் தோணல. ஆர்க்காட்டு நவாப் காலம்னா, அதாவது 18ஆம் நூற்றாண்டு வாக்குலன்னா, பொருந்தும்.

இன்னொன்னு. முஹ்யித்தீன் பக்ஷ் கப்பல்காரர் பேரா, கப்பலோட பேரா? 'ஆண்டகையின் அருளால் கிடைத்தது'ன்னு கப்பலுக்கே பேர் வைக்கலாம். 'உடைய' ரெண்டு தடவை வருதே, அதைக் கவனிங்க.

கடலோடி:
முதல் 'உடைய' உடைமையைத்தான் சொல்கிறது. முகைய்யதீன் வக்குசு என்பவருடைய கப்பல், அந்தக் கப்பலுடைய மணி. எனக்குக் கப்பல்காரர் பெயராகத்தான் படுகிறது. அந்த மனிதர் எந்த நூற்றாண்டில் இருந்தாலும் தமிழில் பொறித்த மணி வைத்திருந்த ஒரு கப்பல் முதலாளி. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இராஜராஜன்தாசன்:
இராஜேந்திர சோழன் 1025இல் கடாரம் கொண்டான். அந்தக் கடற்படை அப்படியே கிழக்கே போயிருக்கும். மணி அதன் தொடர்ச்சிதான்.

ஏட்டுச்சுவடி:
தம்பி, சோழர் கடற்படைக் கப்பலில் முஹ்யித்தீன் ஆண்டகை பெயர் எப்படி வரும்? மஜீது சொன்னதைப் பாருங்கள், அவர் மறைந்ததே 1166இல். இராஜேந்திரன் படை போனபோது அவர் பிறக்கவே இல்லை. நாகூர், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல் வணிகர்கள் சொந்தக் கப்பலில் அச்சே, கெடா, மலாக்கா என்று துணி கொண்டுபோய் விற்ற வரலாறு நமக்கு இருக்கிறது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டவர் பெயரில் அவர்கள் கட்டிய தர்கா இன்றும் நிற்கிறது. அவர்களுடைய மணியைப் பிடுங்கிச் சோழர் கையில் கொடுக்காதீர்கள். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வருகிறது.

வெலிங்டன்வாசி:
நான் இருக்கும் ஊரில்தான் அந்த மணி இருக்கிறது, தெ பாப்பா அருங்காட்சியகத்தில். கொலென்சோ தன் சேகரிப்பிலிருந்து விட்டுச்சென்றது. நான் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தபோது மனசு என்னவோ செய்தது. இரண்டு கைக்குள் அடங்கும். இவ்வளவு தூரம் தாண்டி வந்து நம் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க முடிவது சின்ன விஷயம் இல்லை.

இங்கே யாரும் சொல்லாத ஒன்று: சுர்வில். பிரெஞ்சுக்காரர், 'சேன் ழான் பாப்தீஸ்த்' கப்பலின் தலைவர். புதுச்சேரியிலிருந்து 1769 ஜூனில் கிளம்பி டிசம்பரில் வட தீவின் வடகோடியில் டவுட்லெஸ் விரிகுடாவில் நங்கூரம் போட்டார். அதே மாதங்களில் குக்கும் அதே கரையைச் சுற்றிக்கொண்டிருந்தார், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சுர்வில் கப்பலில் இந்திய லஸ்கர்கள், அதாவது கூலிக்கு வேலை செய்த மாலுமிகள், இருந்தார்கள். புயலில் நங்கூரங்களை இழந்தார். 1974இல் அவற்றைக் கடலடியில் கண்டெடுத்தார்கள், ஒன்று இதே தெ பாப்பாவில் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் உடைத்த கப்பலின் பழைய மணி ஒன்று அந்தக் கப்பலில் ஏறியிருக்க முடியாதா?

அது இல்லையென்றாலும், 1800க்குப் பிறகு கல்கத்தாவிலிருந்து சிட்னிக்கும், பாய்மரத்துக்கான மரம் தேடி இந்தக் கரைக்கும் கப்பல்கள் வந்தன. உலோகமே இல்லாத நாட்டில் ஒரு வெண்கலத் துண்டு கை மாறி எவ்வளவு தூரமும் போகும்.

கடலோடி:
'பல தலைமுறை' என்று மாவோரிகள் சொன்னதை ஏன் எல்லோரும் ஒதுக்குகிறீர்கள்? வம்சாவளியை மனப்பாடமாக ஒப்பிக்கும் மக்கள் அவர்கள். வெள்ளைக்காரர் எழுதிவைத்தால் ஆதாரம், அவர்கள் வாயால் சொன்னால் கதையா?

ஏட்டுச்சுவடி:
நியாயமான கேள்வி, நான் ஒதுக்கவில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக் கணக்குப் போடுங்கள். 1769க்கும் 1836க்கும் இடையில் 67 ஆண்டு. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை வந்துவிடும்.

கடலோடி:
மரத்தின் வேர்? பெரிய மரம் வளர்ந்து மணியை மூட எத்தனை காலம் ஆகும்?

வெலிங்டன்வாசி:
மரம் மணிக்கு மேல் முளைத்திருக்க வேண்டும் என்று இல்லை. போர் வந்தால் அருமையான பொருளைச் சதுப்பிலோ மண்ணிலோ மறைத்துவைப்பது மாவோரிகளின் வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பாக்கி வந்த பிறகு வட தீவில் இனக்குழுக்களுக்குள் கடும் போர்கள் நடந்தன. நிற்கிற மரத்தின் வேருக்கடியிலேயே யாராவது செருகியிருக்கலாம்.

வெண்கலத்தில் உள்ள ஈயத்தின் ஐசோடோப்பை (எடை வேறுபட்ட ஈய அணுக்களின் விகிதத்தை) சோதித்தால் எந்தச் சுரங்கத்து ஈயம் என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஐரோப்பிய ஈயம் என்றால் பாண்டியர் காலம் என்பது நிற்காது. அந்தச் சோதனைக்குத்தான் நாம் எல்லோரும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும்.

கடலோடி:
அதற்கு முதல் ஆளாக நிற்கிறேன். தலைப்பில் '500 ஆண்டுகளுக்கு முன்' என்பதை எடுத்துவிடுகிறேன். 'தமிழர் கப்பல்' என்பதை எடுக்க மாட்டேன்.

ஏட்டுச்சுவடி:
அதை எடுக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லையே. மஜீது தம்பி, உங்கள் வீட்டில் பழைய கப்பல் கணக்கேடு இருப்பதாக ஒருமுறை சொன்னீர்கள். 'மு'வும் 'தீ'யும் வரும் பக்கங்களை, ஆண்டு தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போடுங்கள். மணியின் எழுத்தோடு வைத்துப் பார்ப்போம்.