பொருள்: டர்ட்டி பேஜ், ரைட்பேக் – ‘அழுக்கு’ வேண்டாம், ‘நிலுவை’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் சொற்களுக்கு முன்வைக்கப்பட்ட தமிழாக்கங்கள் இவை:

> டர்ட்டி பேஜ் – அழுக்குப் பக்கம்
> ரைட்பேக் – பின்னெழுதல்
> ஃபிளஷ் – வெளித்தள்ளல்

முதல் சொல்லிலேயே இடிக்கிறது. ஒரு நிரல் ரைட் அழைப்பைச் செய்ததும், லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) தரவை நினைவகத்திலுள்ள, பொதுவாக 4096 பைட்டு அளவுள்ள பக்கங்களில் நகலெடுத்துவிட்டு உடனே திரும்பிவிடும். வட்டுக்கு இன்னும் எதுவும் போயிருக்காது. அந்தப் பக்கத்தில் அழுக்கு ஏது? இருப்பதிலேயே புதிய தரவு அதுதான். பழசாகிப்போனது வட்டில் கிடக்கும் பிரதி. ‘அழுக்கு’ என்று படிக்கிறவர் பக்கம் பழுதாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். வட்டுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி என்பதால் ‘நிலுவைப் பக்கம்’ என்கிறேன்.

வரம்புகளை விளக்கும்போதும் இந்தச் சொல் கைகொடுக்கிறது. இயல்பு அமைப்பில், கைவசமுள்ள நினைவகத்தில் 10 விழுக்காட்டை நிலுவை தாண்டினால், கெர்னலின் பின்னணி இழை (தனியே ஓடும் வேலைக்கூறு) எழுதத் தொடங்கும். 20-ஐ நெருங்க நெருங்க, எழுதும் நிரலையே கெர்னல் நிறுத்தி நிறுத்தித்தான் விடும். நிலுவை குறைவாக இருந்தாலும், 5 வினாடிக்கு ஒருமுறை விழிக்கும் இழை 30 வினாடிக்கு மேல் கிடந்தவற்றை எழுதிவிடும். (இந்த விழுக்காடு மொத்த நினைவகத்தில் அல்ல. பல வழிகாட்டிகளில் தவறாக இருக்கிறது.)

பென்டிரைவில் ‘நகலெடுத்தாயிற்று’ என்று வந்த பிறகும் கழற்ற விடாமல் இழுத்தடிப்பது இதனால்தான். 1 ஜிபி நிலுவை நிற்கிறது, பென்டிரைவ் வினாடிக்கு 10 எம்பி வாங்குகிறது என்றால் இன்னும் 100 வினாடி. அதற்குள் பிடுங்கினால் கோப்பு பாதியில் நிற்கும்.

நிலுவையை வட்டில் எழுதும் ரைட்பேக்குக்கு ‘பின்னெழுதல்’ என்றால் பிறகு எழுதுவதா, பின்புறம் எழுதுவதா? ‘மீளெழுதல்’ என்றால் திருத்தி எழுதுவது என்றாகிவிடும். நிலுவை என்ற பிறகு ‘நிலுவை தீர்த்தல்’ என்பதே இயல்பாக வருகிறது.

---

> நிலுவை தீர்த்தல்

ஐயா, ‘நிலுவைப் பக்கம்’ அருமை. ‘தீர்த்தல்’ மட்டும் வேண்டாம். தீர்த்தல் என்றால் கடன் அடைந்துவிட்டது என்று பொருள். ரைட்பேக்கில் அந்த உறுதி இல்லை. வட்டு பிழை சொன்னாலும், எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகள் அந்தப் பக்கத்தின் நிலுவைக் குறியை நீக்கிவிடுகின்றன. தரவை வட்டில் எழுதி முடிக்கச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பு முதல்முறை பிழை தரும். மறுபடி அழைத்தால் வெற்றி என்று வரும், தரவோ வட்டில் இருக்காது. 2018-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருளின் உருவாக்குநர்கள் முட்டிக்கொண்டது இதில்தான். 11.2 பதிப்பிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் மறுமுயற்சி செய்யாமல் சேவையகத்தை வீழ்த்தி, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைத்த பதிவிலிருந்து மீட்கிறார்கள். இதைத் தமிழில் விளக்கும்போது ‘நிலுவை தீர்ந்தது, ஆனால் தீரவில்லை’ என்றா எழுதுவது?

நம் கணக்குப்பதிவியல் பாடநூலில் குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்குக் கொண்டுபோவதை ‘எடுத்தெழுதுதல்’ என்பார்கள். நடக்கும் வேலை அதுவே: ஓரிடத்தில் குறித்ததை நிலையான ஏட்டில் ஏற்றுவது. வெற்றியை முன்கூட்டிச் சொல்லாத சொல்.

---

‘எடுத்தெழுதுதல்’ ஏற்பு. நீளம்தான், ஆனால் யாருக்கும் விளக்கவேண்டாம்.

ஃபிளஷுக்கு வருவோம். சி மொழியின் எஃப்ஃபிளஷ், நிரலின் சொந்த இடையகத்திலுள்ளதை (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) கெர்னலிடம் கொடுப்பதோடு சரி. வட்டைத் தொடாது. எஃப்ஃபிளஷ் செய்தாயிற்று, மின்சாரம் போனாலும் கவலையில்லை என்று நம்புகிறவர்கள் ஏராளம். கலத்தைச் சாய்த்து உள்ளிருப்பதை இறக்குவது என்ற அளவில் ‘வடித்தல்’ போதும்; வடித்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று அந்தச் சொல் சொல்வதில்லை, அதுவே நமக்கு வேண்டியது. எஃப்சிங்க்கை ‘ஒத்திசைவு’ என்றால் கைபேசிப் படங்களை மேகத்தில் ஏற்றுவதோடு குழம்பும். எடுத்தெழுதி, சாதனத்தின் உள் இடையகத்தையும் வடிக்கச் சொல்லி, முடிந்தது என்ற பதில் வரும்வரை காத்திருப்பது அது. ‘எழுதி உறுதிசெய்தல்’ என்று வைக்கலாம்.

நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பிலுள்ள டர்ட்டி, ரைட்பேக் என்ற இரண்டு வரிகளுக்கு ‘நிலுவை’, ‘எழுத்தில்’ என்று மொழிபெயர்ப்பில் இடுகிறேன். இரண்டாவது, வட்டுக்கு அனுப்பிப் பதில் வராத பக்கங்கள். மறுப்பு இருந்தால் ‘எழுத்தில்’ பற்றிச் சொல்லுங்கள், எனக்கே அது அரைமனதுதான்.